ஏர்ஸ்ட்ரீம் பயண வண்டிகளைப் புதுப்பித்தல்

ஏர்ஸ்ட்ரீம் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் அமெரிக்க அலுமினிய வீட்டு வண்டி. வாலி பையம் என்பவர் தொடங்கிய நிறுவனம் 1936இல் ‘கிளிப்பர்’ என்ற மாடலை வெளியிட்டது. கிளைடர் விமானங்கள் கட்டிய ஹாலி பௌலஸின் ‘ரோடு சீஃப்’ வண்டிதான் அதற்கு மூலம். உள்ளே வளைந்த சட்டங்கள், அவற்றின்மேல் ரிவிட் அடித்த மெல்லிய தகடு என்ற விமான உடலின் கட்டுமானம் அப்படியே வண்டிக்கும் வந்தது. போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளின் மாடல்களே இன்று அதிகம் புதுப்பிக்கப்படுகின்றன.

பழைய வண்டியை வாங்குபவர் முதலில் பார்ப்பது மங்கிப்போன தகட்டை. பார்க்க வேண்டியது தரையை. சுவரின் அடிவிளிம்பு பிளைவுட் தரையின்மேல் உட்கார்ந்திருக்க, இரண்டையும் துளைத்துச் செல்லும் போல்ட்டுகள் கீழே இரும்புச் சட்டகத்தில் பிடிக்கின்றன. ஜன்னல், விளக்கு, தகட்டு இணைப்பு என எங்கே கசிந்தாலும் நீர் சுவருக்குள்ளேயே இறங்கி இந்த விளிம்பில்தான் தேங்கும். பலகை மக்கினால் போல்ட்டுக்குப் பிடிமானம் போய்விடும். பின்பக்கத்தில் இது அதிகம். பின் பம்பரின்மேல் ஏறி நின்றால் தெரிந்துவிடும்: பம்பர் தாழ, உடல் தாழாமல் நடுவே இடைவெளி விட்டால் கூடு சட்டகத்திலிருந்து பிரிந்திருக்கிறது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மின்வேதி அரிப்பு வேறு.

தரை முழுவதும் கெட்டிருந்தால் கூட்டையே தூக்கிவிடுவது நல்லது. அறைகலன்கள், உட்தகடு, எலி கூடு கட்டிய கண்ணாடியிழைப் பஞ்சு எல்லாவற்றையும் அகற்றி, வடிவம் குலையாதபடி உள்ளே மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்த பிறகே தூக்க வேண்டும். துருப்பிடித்த சட்டகத்தை வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, புதிய பலகையின் ஓரங்களில் எபாக்சி பூசுவார்கள். 1961 முதல் வந்த ஆக்ஸில்களில் அதிர்வைத் தாங்குவது ரப்பர் தண்டுகள். நாளடைவில் அவை இறுகிவிடுவதால் ஆக்ஸிலை முழுதாக மாற்றுவதே வழக்கம்.

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றழுத்தச் சுத்தியால் தலையில் அடிக்க, உள்ளே மற்றவர் கனத்த இரும்புக் கட்டையை வாலில் அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கிப் பரந்து தகட்டைக் கவ்வும். உட்தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டால் இந்த வேலைக்கு இடமில்லை. அதனால் அதற்கு முன்பே வெளியே குழாயால் நீரடித்துக் கசிவு பார்ப்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

மெருகு கடைசி வேலை. தொழிற்சாலையில் பூசிய தெளிவார்னிஷை ரசாயனம் தடவி உரித்த பிறகு, பாலிஷ் பசையைச் சுழல் இயந்திரத்தால் பல சுற்று தேய்ப்பார்கள். உலோகக்கலவைத் தகட்டின்மேல் தூய அலுமினியம் மெல்லிய படலமாக இருந்தால் அதுவே கண்ணாடிபோல் மின்னுவது. உப்புத்தாளால் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் படலம் போய்விடும், திரும்ப வராது. மெருகிட்ட தகட்டை வெறுமனே விட்டால் மெல்ல மங்கும். சிலர் மறுபடி வார்னிஷ் பூசுகிறார்கள். பலர் அவ்வப்போது தேய்த்துக்கொள்வதையே விரும்புகிறார்கள்.