பிலிப் ஷோவால்டர் ஹென்ச்

ஹென்ச், பிலிப் ஷோவால்டர் (பிப்ரவரி 28, 1896 – மார்ச் 30, 1965): அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர். முடக்குவாதம் வந்தால் தணியாது என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், அது தணியக்கூடியதே என்பதைத் தம் நோயாளிகளின் பட்டறிவிலிருந்து கண்டறிந்தவர். கார்ட்டிசோன் ஹார்மோனை முதன்முதலாக முடக்குவாதத்துக்குச் செலுத்திய குழுவின் தலைவர். இப்பணிக்காக 1950-இல் எட்வர்ட் கெண்டல், சுவிட்சர்லாந்தின் தடேயஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இளமையும் கல்வியும்

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஈஸ்டன் நகரின் லஃபாயெட் கல்லூரியில் 1916-இல் இளங்கலைப் பட்டமும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1920-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1921-இல் மின்னசோட்டா மாநிலம் ராசெஸ்டரில் உள்ள மேயோ மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர், 1926-இல் அங்கே மூட்டுநோய்ப் பிரிவின் தலைவரானார். 1928–29-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க், மியூனிக் நகரங்களில் மேற்பயிற்சி பெற்றார். 1927-இல் மேரி காலரை மணந்தார். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

அந்நாளில் மூட்டுநோய்ப் பிரிவு மருத்துவர்கள் விரும்பிச் சேரும் துறையாக இல்லை. முடக்குவாதத்துக்கு ஏதோ ஒரு தொற்றே காரணம் என்று கருதிப் பற்களையும் தொண்டைச் சதையையும் அகற்றினார்கள். ஆஸ்பிரின், தங்க உப்பு ஊசி, நீண்ட படுக்கை ஓய்வு ஆகியவையே எஞ்சிய வழிகள்.

காமாலை தந்த துப்பு

1929 ஏப்ரல் முதல் நாள், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட 65 வயது நோயாளி ஒருவர் ஹென்ச்சிடம் ஒரு செய்தி சொன்னார். அவரும் ஒரு மருத்துவர். தமக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி அகன்றுவிட்டது என்றார். காமாலை சில வாரங்களில் தீர்ந்த பின்னும் நிவாரணம் பல மாதங்கள் நீடித்தது. தற்செயல் என்று இதைத் தள்ளிவிடாமல், இதுபோன்ற பிற நோயாளிகளை ஹென்ச் தேடத் தொடங்கினார். கிடைத்த சான்றுகளை 1930-களில் கட்டுரைகளாக வெளியிட்டார்.

கருவுற்ற பெண்களிடமும் இதே மாற்றம் தெரிந்தது. கர்ப்பகாலத்தில் தணிந்த வலி, பிரசவத்துக்குப் பின் திரும்பியது. காமாலை இருபாலருக்கும் வருவது. கர்ப்பமோ பெண்களுக்கு மட்டும் உரியது. ஆகவே நிவாரணம் தருவது பித்தமும் அல்ல, பெண்பால் ஹார்மோனும் அல்ல. எல்லோர் உடலிலும் இயல்பாகச் சுரக்கும் வேறொரு பொருளாக இருக்கவேண்டும் என்று ஹென்ச் ஊகித்தார். அதற்கு 'எக்ஸ் பொருள்' என்று பெயரிட்டார். அதைப் பிடிக்கும் முயற்சியில் பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். காமாலை நோயாளிகளின் இரத்தத்தையும் ஏற்றிப் பார்த்தார். பலன் இல்லை.

கெண்டலுடன் கூட்டு

அதே மேயோ நிறுவனத்தில் உயிர்வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அண்ணீரகச் சுரப்பியின் புறணியை ஆராய்ந்துவந்தார். தைராக்சினை 1914-இல் பிரித்தெடுத்தவர் அவர். புறணியிலிருந்து அவர் வரிசையாகப் பிரித்த சேர்மங்களுள் ஒன்று 'ஈ சேர்மம்'. அதை முடக்குவாத நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்ப்பது என்று இருவரும் 1941-இல் முடிவு செய்தார்கள். ஆனால் கால்நடைகளின் சுரப்பியிலிருந்து கிடைத்த அளவு ஒரு நோயாளிக்கும் போதாது. போரும் குறுக்கிட்டது. 1942 முதல் 1946 வரை ஹென்ச் இராணுவ மருத்துவப் பணியில் இருந்தார். ஆர்கன்சா மாநிலம் ஹாட் ஸ்பிரிங்ஸில் இராணுவ மூட்டுநோய் மையத்தை நடத்தினார்.

போரே வேறொரு வழியில் இம்முயற்சிக்கு உதவியது. உயரப் பறக்கும் ஜெர்மானிய விமானிகளுக்கு அண்ணீரகச் சாறு கொடுக்கப்படுகிறது என்று ஒரு வதந்தி பரவியது. அது பொய்யாகவே முடிந்தாலும், புறணிச் சேர்மங்களைச் செயற்கையாகத் தயாரிக்கும் ஆய்வுக்கு அமெரிக்க அரசின் ஊக்கம் கிடைத்தது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் 1944-இல் மாட்டுப் பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து ஈ சேர்மத்தை உருவாக்கினார்.

1948 செப்டம்பர்

நடக்க இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவர் 1948 கோடையில் மேயோவில் சேர்ந்தார். காமாலையை வலிந்து உண்டாக்கும் சிகிச்சையும் அவருக்குப் பயன்படவில்லை. மெர்க்கிடம் கேட்டு வாங்கிய சிறிதளவு ஈ சேர்மத்தைச் செப்டம்பர் 21 முதல் ஊசியாகச் செலுத்தினார்கள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்பது துணிச்சலான அளவு. குறைத்துக் கொடுத்திருந்தால் விளைவு தெரியாமலே போயிருக்கக்கூடும். சில நாட்களில் மூட்டு விறைப்பு தளர்ந்தது. ஒரு வாரத்தில் அப்பெண் கடைவீதிக்குச் சென்றுவந்தார்.

சார்ல்ஸ் ஸ்லோகம், ஹோவர்ட் பாலி ஆகியோருடன் மேலும் பல நோயாளிகளிடம் சோதித்த பிறகு, 1949 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளைப் படமெடுத்துத் திரையிட்டுக் காட்டினார்கள். ஈ வைட்டமினோடு குழப்பம் நேராதிருக்க மருந்துக்குக் கார்ட்டிசோன் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டே லாஸ்கர் விருதும் மறுஆண்டு நோபல் பரிசும் வந்தன. பரிசுத் தொகையில் ஒரு பகுதியை ஹென்ச் உடன் உழைத்தோருக்குப் பகிர்ந்தளித்தார்.

புகழும் எச்சரிக்கையும்

பத்திரிகைகள் கார்ட்டிசோனை அற்புத மருந்து என்று கொண்டாடின. ஆனால் ஊசியை நிறுத்தியதும் நோய் திரும்புவதை ஹென்ச் குழுவினர் தொடக்கத்திலேயே பதிவு செய்திருந்தார்கள். அதிக அளவில் நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு நலிந்தது, மனநிலை தடுமாறியது. இது நோயை வேரோடு அறுக்கும் மருந்து அன்று, நோயின் போக்கை ஆராய உதவும் கருவி என்று ஹென்ச் வலியுறுத்தினார். தொடக்கநிலை முடக்குவாதத்தில் கார்ட்டிசோனையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் சோதனை ஒன்று, இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று 1954-இல் அறிவித்தது. 1955-இல் விற்பனைக்கு வந்த பிரெட்னிசோன், உப்பும் நீரும் உடலில் தேங்கும் தொல்லையைக் குறைத்தது. இன்று மூட்டுநோய் மருத்துவத்தில் ஸ்டீராய்டு குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கே பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது.

பிற பணிகள்

எட்வர்ட் ரோசன்பர்க்குடன் சேர்ந்து, மூட்டில் திடீரெனத் தாக்கிச் சில மணி அல்லது சில நாட்களில் சுவடின்றி மறையும் 'பாலிண்ட்ரோமிக் ரூமட்டிசம்' என்ற நோயை 1940-களில் விவரித்தார். அமெரிக்க மூட்டுநோய்ச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். மருத்துவ வரலாற்றில், குறிப்பாக வால்டர் ரீட் குழுவின் மஞ்சள் காய்ச்சல் ஆய்வில், தீராத ஈடுபாடு கொண்டவர். கியூபாவில் அச்சோதனைகள் நடந்த லசியர் முகாமின் இடத்தைத் தேடி அடையாளம் காட்டினார். அவர் திரட்டிய ஆவணங்கள் இப்போது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உள்ளன.

1957-இல் ஓய்வு பெற்ற ஹென்ச், ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் விடுமுறையில் இருந்தபோது நிமோனியாவால் இறந்தார். கார்ட்டிசோனைப் பிரித்தெடுத்ததும் செயற்கையாக ஆக்கியதும் வேதியியலாளர்கள். அதை எந்த நோய்க்குப் பயன்படுத்துவது என்ற விடை, ஒரு நோயாளியின் சொல்லை இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ஹென்ச்சிடமிருந்து வந்தது.