குலுக்கலில் போன நிலம், ஓட்டப்பந்தயத்தில் போன நிலம்

1889 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. அமெரிக்காவின் நடுவில், இன்று ஓக்லஹோமா என்று அழைக்கப்படும் பகுதியின் எல்லையில் சுமார் 50,000 பேர் காத்திருந்தார்கள். குதிரை, மாட்டு வண்டி, ரயில், சைக்கிள் என்று கிடைத்ததில் எல்லாம் வந்திருந்தார்கள். சரியாகப் பகல் 12 மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. அவ்வளவுதான், எல்லோரும் ஓடினார்கள். முதலில் போய் யார் முளைக்குச்சி அடிக்கிறாரோ அவருக்கு அந்த 160 ஏக்கர்!

காலையில் ஒரு ரயில் நிலையமும் சில கட்டடங்களும் மட்டுமே இருந்த கத்ரியில் மாலைக்குள் சுமார் 10,000 பேர் கூடாரம் அடித்துவிட்டார்கள். நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து புதருக்குள் ஒளிந்திருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு 'சூனர்கள்' என்று பெயர். சட்டப்படி அவர்கள் குற்றவாளிகள். இன்று ஓக்லஹோமா பல்கலைக்கழக விளையாட்டு அணிகளின் பெயரே அதுதான்.

கௌபாய் படங்களில் மேற்கு என்றால் யாருமே இல்லாத வெட்டவெளி. ஆனால் இந்த நிலம் காலி நிலம் அல்ல. செவ்விந்தியர்களுக்கென்று அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு ஒதுக்கிய 'இந்தியன் டெரிட்டரி'யின் ஒரு பகுதி. அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

அங்கே அனுப்பப்பட்ட இனங்களில் ஒன்று செரோக்கி. அவர்களுடைய ஊர் கிழக்கே, ஜார்ஜியாவும் அதைச் சுற்றியுள்ள மலைகளும். 1821-ல் செக்கோயா என்ற வெள்ளித் தொழிலாளி, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தன் மொழிக்குத் தானே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். நம் உயிர்மெய் போல ஒவ்வொரு அசைக்கும் ஓர் எழுத்து, மொத்தம் 85க்கு மேல். சில வருடங்களிலேயே மக்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1827-ல் அரசியல் சாசனம் எழுதினார்கள். 1828-ல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற பத்திரிகை இரண்டு மொழிகளில் வந்தது. வெள்ளையர்களைப் போலப் பண்ணையும் வைத்திருந்தார்கள். பணக்காரச் செரோக்கிகள் கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

'நாகரிகம் அடையுங்கள்' என்று அரசு சொன்னதை அவர்கள் இப்படிச் செய்துகாட்டினார்கள். பலன்? 1829-ல் அவர்கள் நிலத்தில் தங்க வேட்டை ஆரம்பித்தது. 1830-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் செவ்விந்தியர் வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1832-ல் ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தைக் குலுக்கல் சீட்டுப் போட்டு வெள்ளையர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆமாம், குலுக்கல் சீட்டு! அதே வருடம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு செரோக்கிகள் பக்கம், நிலம் சீட்டு விழுந்தவர் பக்கம்.

1835-ல் ஒரு சிறு குழு மட்டும் தனியாக, நிலத்தைக் கொடுத்துவிடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. தலைவர் ஜான் ராஸ் சுமார் 15,000 பேரின் கையெழுத்தோடு எதிர்ப்பு மனு அனுப்பினார். பயனில்லை. செனட்டில் தேவைப்பட்டதைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்று அந்த ஒப்பந்தம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. 1838-ல் ராணுவம் வந்தது. வீடு வீடாகப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். சுமார் 16,000 பேர் கிட்டத்தட்ட ஆயிரம் மைல் தூரத்துக்கு மேற்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் குளிர்காலத்தில் நடந்தே போனார்கள். முகாமிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். ஜான் ராஸின் மனைவியும் அவர்களில் ஒருவர். அந்த வழிக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்று பெயர். கிரீக், செமினோல் முதலிய இனங்களும் இப்படியே துரத்தப்பட்டு அதே பகுதிக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் புது நிலம் என்றென்றைக்கும் உங்களுடையது என்று ஒப்பந்தங்கள் சொல்லின. அந்த 'என்றென்றைக்கும்' 1889 வரை வந்தது. அன்று ஓடியவர்கள் ஓடிய நிலம் முன்பு கிரீக், செமினோல் இனத்தாருக்குக் கொடுத்தது. 1893-ல் செரோக்கிகளின் முறை. அவர்களுக்குச் சொந்தமான சுமார் 60 லட்சம் ஏக்கரை அரசு நெருக்கடி கொடுத்து 85 லட்சம் டாலருக்கு வாங்கி, செப்டம்பர் 16 அன்று இன்னொரு ஓட்டப்பந்தயம் வைத்தது. அதில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓடினார்கள்.

ஓடியவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலர் சொந்த நிலம் இல்லாத ஏழை விவசாயிகள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரும் அவர்களில் இருந்தார்கள். 1862-ன் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒருவருடைய பட்டாவைக் கிழித்துத்தான் இன்னொருவருக்குப் பட்டா எழுதினார்கள்.

1907-ல் இந்தியன் டெரிட்டரியும் சேர்ந்து ஓக்லஹோமா மாநிலம் ஆனது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2020 ஜூலை 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குற்ற வழக்கில் 5-4 என்று தீர்ப்பு சொன்னது. கிரீக் இனத்தாரின் ஒதுக்கீட்டுப் பகுதியை நாடாளுமன்றம் எந்தச் சட்டத்திலும் ரத்து செய்யவே இல்லை, எனவே குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்னும் செவ்விந்தியர் நிலம்தான் என்றது. டல்சா நகரின் பெரும்பகுதியும் அதற்குள் வருகிறது. அடுத்த வருடமே செரோக்கிப் பகுதிக்கும் இது பொருந்தும் என்று மாநில நீதிமன்றம் சொன்னது. யாருடைய வீடும் கைமாறவில்லை. 2022-ல் இன்னொரு தீர்ப்பு இதை ஓரளவு சுருக்கவும் செய்தது. அந்த ஒப்பந்தங்களை வைத்து அங்கே இப்போதும் வழக்குகள் நடக்கின்றன.