ஓடும் இலக்கும் பெண்களும்: அரியாலையிலிருந்து ஒரு நோக்கு

ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில், 2023 செப்டெம்பரில், வடகொரியா பெற்ற முதல் தங்கம் பெண்களுக்கான 10 மீற்றர் ஓடும் இலக்குச் சுடுதல் அணிப் போட்டியில் கிடைத்தது. பேக் ஒக்-சிம், பாங் மியொங்-ஹியாங், ரி ஜி-யே ஆகிய மூவரும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 1655. அதற்கு முந்தைய 2018 ஜகார்த்தா விழாவில் இப்போட்டி ஆண்களுக்கு இருந்தது, பெண்களுக்கு இருக்கவில்லை. ஒரு பெண் எந்த இலக்கைச் சுடலாம் என்பதை அவளுடைய ஆற்றலைவிட, போட்டிப் பட்டியலை வகுக்கும் குழுக்களும் துப்பாக்கியைத் தம் வசம் வைத்திருக்கும் நிறுவனங்களுமே தீர்மானித்து வந்துள்ளன என்பது என் வாதம். யாழ்ப்பாணத்து அரியாலை அந்த வாதத்துக்குக் கடினமான சோதனைக்களம்.

போட்டியின் இயல்பை முதலில் பார்க்கலாம். பத்து மீற்றர் தூரத்தில் இரண்டு மீற்றர் அகலமான திறப்பு. அதைக் குறுக்காக இலக்கு கடந்து செல்லும். மெது ஓட்டத்தில் 5 விநாடி, விரைவு ஓட்டத்தில் 2.5 விநாடி. இலக்கு தலைகாட்டும் வரை துப்பாக்கியின் அடிக்கட்டை இடுப்புப் பக்கம், மேலங்கியில் இட்ட அடையாளப் பட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். தலைகாட்டியதும் அதைத் தோளுக்கு உயர்த்தி, தொலைநோக்கிக்குள் இலக்கைப் பிடித்து, அதனோடு உடலைத் திருப்பியபடியே ஒரேயொரு குண்டு. 4.5 மில்லிமீற்றர்க் குண்டு போய்ச் சேர்வதற்குள் விரைவு ஓட்ட இலக்கு நான்கைந்து சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். இதில் எங்கே ஆண் உடலுக்குத் தனி அனுகூலம்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நெடுங்காலம் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40 என்றே விதி இருந்தது. ஹாங்சோவில் பெண்களும் 60 சுட்டார்கள்.

ஒலிம்பிக் வரலாறு இதைவிடக் கசப்பானது. 1972 முதல் 2004 வரை ஓடும் இலக்குப் போட்டி ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களுக்கெனத் தனிப்பதக்கம் ஒருமுறைகூட வைக்கப்படவில்லை. பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீற் போட்டியில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1992 பார்சிலோனாவில் ஆண், பெண் இருபாலாரும் கலந்த ஸ்கீற் போட்டியில் சீனாவின் சாங் ஷான் தங்கம் வென்றார். அடுத்த அத்லாந்தா ஒலிம்பிக்கில் ஸ்கீற் ஆண்களுக்கு மட்டும் என்றானது. வென்ற பெண் தன் பட்டத்தைக் காக்கவே இடமில்லாமற் போயிற்று. பெண்களுக்கான ஸ்கீற் 2000இல்தான் வந்தது. திறமையில் குறைந்தவர்கள் என்பதால் பெண்கள் பட்டியலில் இல்லை என்ற விளக்கம் இதன்பின் நிற்காது.

இலங்கைக்கு வருவோம். 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டு விழாவில் மாலி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் பெண்கள் வளித்துப்பாக்கி இணைப் போட்டியில் தங்கம் வென்றனர். தோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்ட தெஹானி எகொடவெல இராணுவத்தைச் சேர்ந்தவர். ஆக, இந்நாட்டுப் பெண்ணுக்குக் குறி பிசகாது என்பது நிறுவப்பட்ட செய்தி. கேள்வி, பயிற்சிக்கூடத்தின் கதவு எங்கே திறக்கிறது என்பதுதான். படைகளின் வழியாகவே அது திறக்குமானால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது பூட்டிய கதவு.

அக்கதவை அப்பிள்ளைக்குத் திறக்க வேண்டும் என்பதற்கு எழும் மறுப்பை நான் மிக மதிக்கிறேன். அரியாலையில் துப்பாக்கி என்பது விளையாட்டுச் சொல் அல்ல. அவ்வூரின் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட மனித என்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தியிடம் போய், உங்கள் பேத்தி சுடப் பழகட்டும் என்று எந்த வாயால் சொல்வது? அவ்வூரார் வேண்டாம் என்றால் அந்த முடிவே இறுதியானது.

ஆயினும் குண்டே இல்லாத வழி ஒன்று உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து நவீன ஐந்திறப் போட்டியில் லேசர்க் கைத்துப்பாக்கிதான் பயன்படுகிறது. லேசரும் மின்னணு இலக்கும் கொண்டு ஓடும் இலக்கின் அடிப்படைப் பயிற்சியைத் தொடங்கலாம். பத்து மீற்றரைவிடச் சற்று நீளமான சனசமூக நிலைய மண்டபம் ஒன்று போதும்; அரியாலையில் அவற்றுக்குக் குறைவில்லை. பயிற்றுநரும் கருவியும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதைத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி காட்டியிருக்கிறது. கோலூன்றிப் பாய்தல் வடக்குக்குப் பழக்கமான விளையாட்டாக இருந்ததில்லை. அங்கு பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனைக்கே உரியவரானார்.

வடமாகாண விளையாட்டுத் திணைக்களம், படைகளின் நிழல் படாத குடிசார் லேசர்ப் பயிற்சிக்கூடம் ஒன்றை, அரியாலை மக்களின், குறிப்பாக அன்னையரின், சம்மதம் கேட்டு, பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் தந்து தொடங்க வேண்டும். அதற்கான முன்மொழிவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதித் தர முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.