தணிகையும் கோட்டையும்: முத்துசாமி தீட்சிதரின் இசைக்கேள்வி

திருக்குறள் கல்வியையும் கல்லாமையையும் கூறியபின் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது. பழைய இசைவழக்கிலோ கேள்வி என்னும் சொல் யாழையும் சுருதியையும் குறிக்கும். ஆதலின், இசைப்புலவர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவார், அவர் பாடியவற்றை எண்ணுதலோடு அமைதல் போதாது. அவர் கேட்டவை யாவை, கேட்டவற்றுள் கொண்டவை யாவை, கொள்ளாது விடுத்தவை யாவை எனவும் வினவுதல் வேண்டும். இவ்வினாவை முத்துசாமி தீட்சிதர்பால் (1775–1835) எழுப்பி விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வத்தால் எழுந்ததன்று. கருநாடக இசை பிறநாட்டுக் காற்றே படாதது என்பார் ஒரு சாரார். தீட்சிதரே ஆங்கில மெட்டுக்குப் பாட்டெழுதினார்; ஆகவே அவ்விசை கலப்பிசையே என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றும் சான்றுகளை முழுதும் நோக்காமல் எழுந்தவை என்பது நம் கருத்து.

1. தணிகை மரபு

தீட்சிதர் வரலாற்றுக்கு முதன்மையான நூல் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. இவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரின் மகள்வழிப் பேரர். அவராலேயே மகனாகத் தத்தெடுக்கப்பெற்றவர். நூல் வெளிவந்தது தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகளுக்குப் பின்னர். ஆகவே அக்குடும்பத்தில் வழங்கிய செய்திகளைப் பாடல்களின் அகச்சான்றோடு ஒப்பிட்டுக் கொள்ளுதலே முறை.

திருத்தணிகை மலையில் தீட்சிதர் தவமிருந்தபோது முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயிற் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பதும், அப்போது எழுந்த முதற்பாடல் மாயாமாளவகௌளையில் அமைந்த ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்பதும் மரபு. கற்கண்டுச் செய்தி நம்பிக்கையின்பாற்பட்டது. அதனை மெய்ப்பித்தலும் மறுத்தலும் வரலாற்றாசிரியர் தொழில் அல்ல. ஆயின், அதன் உட்பொருளுக்குச் சான்றுகள் உள. அவர் பாடல்களில் ‘குருகுக’ என்னும் முத்திரை பயில்கின்றது. முதற்பாடல் முதல் வேற்றுமையில் நிற்க, எட்டு வேற்றுமைகளிலும் அமைந்த தொகுதி அதனைத் தொடர்கின்றது. அதன் இராகமோ மாணாக்கர் சரளி வரிசை பயிலும் இராகம். இசை கற்பார் தொடங்கும் இடத்திலேயே இசை படைப்பாரும் தொடங்கினார் என்பது இதனாற் போதரும்.

தணிகை, அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றது; கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணம் பெற்றது; பின்னர் இராமலிங்க அடிகளின் நெஞ்சிலும் இடம் பெற்றது. தீட்சிதரோ அங்கு வடமொழியிற் பாடினார். இதனைத் தமிழுக்கு மாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. தணிகையும் அதனைச் சூழ்ந்த ஆர்.கே.பேட்டை முதலிய ஊர்களும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நிலம். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது ஆட்சியெல்லை மாறிற்றே அன்றி மக்கள் செவி மாறவில்லை. தமிழகத்தில் வாழ்ந்த புலவரின் வடமொழிப் பாடல்களைத் தெலுங்கெழுத்தில் அச்சிட்டுக் காத்தது எட்டயபுரத்து நூல் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

2. காசியிற் கேட்டவை

தந்தை இராமசாமி தீட்சிதர் அம்சத்வனி இராகத்தை ஆக்கியவர் எனப் போற்றப்படுபவர். வேங்கடமகியின் இலக்கண மரபில் நின்றவர். இம்மரபே மகனுக்கு முதற்கேள்வி. அடுத்து, சிதம்பரநாத யோகி அவரைக் காசிக்கு அழைத்துச் செல்ல, அங்குச் சில ஆண்டுகள் தங்கிய தீட்சிதர் வடநாட்டிசையைக் கேட்டார்.

அக்கேள்வி அவர் பாடல்களில் எங்ஙனம் படிந்தது? திருவானைக்கா இறைவனைப் பாடிய ‘ஜம்பூபதே’ யமுனாகல்யாணியில் அமைந்தது. இது தனிப்பாடலன்று, காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, திருக்காளத்தி, தில்லை என்னும் ஐம்பூதத் தலங்களுக்குரிய தொகுதியில் ஒன்று. வடநாட்டு வாடை வீசும் இராகத்தைக் காவிரிக்கரைக் கோயிலின் பாடலுக்கு அவர் தயங்காது வழங்கினார். ஆழ்ந்த விளம்ப நடையையும் அவர் வடநாட்டுத் துருபதத்திலிருந்து பெற்றார் என ஆய்வாளர் கருதுவர். இங்கு நிகழ்ந்தது கலப்பன்று, செரிமானம். வந்த பொருள் இராக இலக்கணத்துள் அடங்கித் தன் பிறப்பிடம் தோன்றாதவாறு நின்றது.

3. கோட்டையிற் கேட்டவை

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. அவ்விணக்கத்தால் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. அம்மெட்டுகளுக்குத் தீட்சிதர் எழுதிய வடமொழிப் பாடல்கள் ஏறத்தாழ 40. அவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும். ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ அமைந்தது. ஐரோப்பியக் குழந்தைகள் பாடும் பழைய பிரெஞ்சு மெட்டொன்றில் ‘சியாமளே மீனாட்சி’ அமைந்தது.

இப்பாடல்கள் பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரநிரலைச் சார்ந்தவை. ஆயின், அவற்றைச் சங்கராபரணக் கீர்த்தனங்கள் என வழங்குதல் மரபன்று. காரணம் தெளிவு. இராகம் கமகத்தில் உயிர்ப்பது. ஐரோப்பிய மெட்டோ ஒவ்வொரு சுரத்தையும் அசையாது நிறுத்திச் செல்வது. கீர்த்தனம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என விரிந்து சங்கதிக்கு இடந்தருவது. மெட்டோ அளவு முடிந்த வார்ப்பு. அவ்வார்ப்பைச் சிதைக்காமல், குறில் நெடில் அளவறிந்து சொற்களை அதனுள் ஊற்றினார் தீட்சிதர். அரச வாழ்த்தின் மெட்டில் அரசரை நீக்கி அன்னையை வைத்தமையும் நோக்கத்தக்கது. எனினும் அந்நடையைத் தம் பெருங்கீர்த்தனங்களுள் அவர் புகுத்தவில்லை. வேறு கலத்திற் பெய்து வைத்தார்.

4. மெட்டு நின்றது, கருவி நிலைத்தது

இதனோடு ஒப்புநோக்க வேண்டியது பாலுசாமி தீட்சிதரின் (1786–1859) செயல். அவர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, அதனைக் கருநாடக இசைக்குப் பயன்படுத்தினார். தீட்சிதரின் மாணாக்கராகிய தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியிற் சிறந்து, திருவாங்கூரில் சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தார். இன்று பிடில் இல்லாத வாய்ப்பாட்டு அரங்கு அரிது.

ஒரே குடும்பம், ஒரே காலத்திற் கேட்ட ஐரோப்பிய இசையில், மெட்டு தனித்தே நின்றது. கருவி நம் உடைமையாயிற்று. ஏன்? பிடிலின் தந்தியில் விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். அதனாற் கமகம் அதற்கு இயலும். அமர்ந்து வாசிக்கும் முறையும் ஆதார சட்சம், பஞ்சமங்களுக்கு இசைய அமைத்த சுருதியும் அதனை நம் மரபோடு பொருத்தின. கமகத்தை ஏற்பதோ அன்றோ என்பதே இங்கு உரைகல். அயலது என்பதால் எதுவும் தள்ளப்படவில்லை. புதியது என்பதால் எதுவும் கொள்ளப்படவுமில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தந்தைவழி இலக்கணம் தீட்சிதருக்கு அளவுகோலாயிற்று. வடநாட்டிசை அவ்வளவுகோலுக்கு இயைந்தமையின் உள்ளே கலந்தது. கோட்டையின் மெட்டு இயையாமையின் மதிப்போடு தனியே வைக்கப்பட்டது. ஆகவே, தூய்மை பேசுவாரும் கலப்புப் பேசுவாரும் காணத் தவறியது ஒன்றே: தெரிந்து கொள்ளும் செவி. இலக்கியத்தில் வடமொழி, ஆங்கிலத் தாக்கங்களை ஆராயும் நம் மாணவர்க்கும் இவ்வரலாறு பயன்படும். ஒரு நூலில் அயற்பொருள் உளதா என்பது முதல் வினாவே. அது மரபினுள் எவ்விடத்தில், எம்முறையில் வைக்கப்பட்டது என்பதே ஆய்வின் வினா.