ஊர்க்காரர் யார்? புதுச்சேரிக் கல்லூரி இடங்களும் இடஒதுக்கீடு பற்றிய மக்கள் மனப்போக்கும்

சென்னை மாகாணத்து இடஒதுக்கீட்டுப் பூசலை அறிந்தவர்கள், அதே கதைதான் புதுச்சேரியிலும் நடந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வார்கள். மொழி ஒன்று; சாதிகளும் பெரும்பாலும் அவையே. ஆனால் இங்கே மக்கள் மல்லுக்கு நின்றது வேறொன்றுக்காக. தமிழ்நாட்டில் 'எந்தச் சாதிக்கு எத்தனை இடம்' என்று கேட்டார்கள். புதுச்சேரியில் 'இந்த ஊர்க்காரர் யார்' என்று கேட்டார்கள்.

நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் பிறப்பித்த வகுப்புவாரி ஆணை அரசு வேலைகளில் தொடங்கியது. 1947-இல் திருத்திய கணக்கின்படி 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனங்கள் ஆகியோருக்குத் தலா 2, கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் தலா 1. கல்லூரிச் சேர்க்கையும் இதே கணக்கில் நடந்தது. 1950-இல் மருத்துவப் படிப்பு நாடிய செண்பகம் துரைராஜன் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. கிடைக்காது என்று விசாரித்தறிந்து நேரே நீதிமன்றம் சென்றார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதாக்கியது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் 15(4) பிரிவைக் கொண்டுவந்தது.

இவ்வளவும் நடந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962-இல்தான். ஆகவே சண்டை முடிந்து திருத்தப்பட்ட அரசியல் சட்டமே இவ்வூருக்கு வந்துசேர்ந்தது. இடஒதுக்கீடு வேண்டுமா என்ற அடிப்படை வாக்குவாதம் இங்கே பெரிதாக எழாததற்கு இதை முதற்காரணமாகக் கொள்கிறேன்.

இன்னொரு காரணம் பழையது. சாதிகளின் வழக்காறுகளைக் காப்பதாக 1819-இல் பிரெஞ்சு நிர்வாகம் உறுதியளித்தது. 1881-இல் அந்த வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர விரும்புவோருக்கு வழி திறந்தது. ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் அதில் சமத்துவத்தைத் தேடினர். சாதி இந்துக்கள் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எதிர்த்துத் திரண்டனர். பதிவேட்டில் எந்தப் பக்கம் பெயர் இருக்கிறது என்பதே ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கும் என்ற பாடத்தை இந்த ஊர் அப்போதே கற்றுக்கொண்டது.

புதுச்சேரிக்கான அட்டவணை இனத்தவர் ஆணை 1964-இல் வந்தது. பூசலும் அதிலிருந்தே முளைத்தது. திண்டிவனத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ வேலைக்காக வந்து புதுச்சேரியின் சாரம் பகுதியில் குடியேறிய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சாதி அதேதான், தீண்டாமையின் வடுவும் அதேதான். ஆனால் பிள்ளையின் சான்றிதழில் 'பூர்வீகம்' வேறு. ஒரு மாநிலத்துப் பட்டியலின் பயனை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் போன குடும்பத்து மாணவர் ஒருவர் பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. புதுச்சேரி ஆசிரியர் பணி தொடர்பான புஷ்பா வழக்கில், 2005-இல், அதே நீதிமன்றம் புதுச்சேரி ஒரு யூனியன் பிரதேசம் என்பதைச் சுட்டி, குடிபெயர்ந்து வந்தோர் பக்கம் நின்றது. பூர்வீக அட்டவணை இனத்தவர் கொதித்தனர். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு: சுற்றிலும் தமிழ்நாடு, உள்ளே சொற்ப இடங்கள். ஆனாலும் ஒடுக்கப்பட்ட இரு தரப்பார் ஒரே 16 சதவீத ஒதுக்கீட்டுக்காக மோதிக்கொள்ள, மேலே இருப்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்பதையும் ஆய்வாளர் எழுதியாக வேண்டும்.

சென்டாக் எனும் மையச் சேர்க்கைக் குழு நடத்தும் மாணவர் சேர்க்கையில் அந்த 16-உடன் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 18, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 11 என்ற பங்கும், சிறு பிரிவுகளுக்குச் சில்லறைப் பங்கும் உண்டு. கூட்டினால் 50-ஐத் தாண்டாது. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், 69. இந்த இடைவெளி பெரிய கிளர்ச்சியை மூட்டவில்லை. இங்கே எரிச்சலைக் கிளப்புவது இரண்டு மாநிலங்களிலும் இருப்பிடச் சான்று வாங்கி மருத்துவ இடம் பிடிப்போர் விவகாரம். புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரியைத் தேசிய முக்கியத்துவ நிறுவனமாக்கிய 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது எழுந்த எதிர்ப்பிலும் உள்ளூர்க் கவலையே ஓங்கி ஒலித்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் இன அடிப்படையிலான சேர்க்கை முறைக்கு முடிவு கட்டியது. புதுச்சேரி அந்த ஆண்டு வேறு திசையில் நடந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீதம் என்று 2020-இல் நாராயணசாமி அமைச்சரவை எடுத்த முடிவு, ரங்கசாமி ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது. இது எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் செல்லும் உள்ஒதுக்கீடு. சாதியையோ பூர்வீகத்தையோ சொல்லி எதிர்ப்பது எளிதன்று. தமிழ்நாடு தன் 7.5 சதவீதத்தை 2020-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலேயே கொடுத்துவிட்டது. சொந்த முடிவுக்கு டெல்லியின் ஒப்புதலை எதிர்பார்த்து நிற்க வேண்டிய புதுச்சேரிக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. இடையில் பள்ளி முடித்த மாணவர்களுக்கு அந்த 10 சதவீதம் கிட்டவில்லை.