லீவு நாளில் பறந்தால் கணக்கில் வருமா?

பஸ் டிரைவர் ஒருவர் வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சொந்தக் காரில் மகாபலேஷ்வர் போய் வருகிறார். அந்த ஏழெட்டு மணி நேரத்தை டிப்போவில் யாராவது கணக்கு எழுதுவார்களா? மாட்டார்கள். ஆனால் ஏர்லைன்ஸில் ஜெட் ஓட்டுகிற விமானி லீவு நாளில் ஃப்ளையிங் கிளப்புக்குப் போய் ஒரு குட்டி விமானத்தை ஆசைக்கு ஓட்டினால்? அது வேலையா, ஓய்வா? கேட்க விளையாட்டுக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் தொண்ணூறு வருஷக் கதை இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். போன பொங்கலுக்கு இங்கே புனேயில் சங்கத்துக்கு வந்திருந்த மாமா ஒருவர், "பைலட்டுக்கு மாசம் எண்பது மணி நேரம்தான் வேலையாம், நம்ம பசங்க ஐ.டி.யில இருநூறு மணி நேரம் உழைக்கிறாங்க" என்று அலுத்துக்கொண்டார். அந்த எண்பது என்பது விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும் வரை உள்ள நேரம் மட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஏர்போர்ட் போவதும், அங்கே காத்துக்கிடப்பதும், வெளியூர் ஓட்டலில் பகலில் தூங்க முயல்வதும் அதில் சேராது.

ஆரம்ப காலத்தில் ஆசைக்குப் பறப்பதற்கும் சம்பளத்துக்குப் பறப்பதற்கும் நடுவே கோடே கிடையாது. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.ஆர்.டி. டாட்டா 1929-ல் லைசென்ஸ் வாங்கியது பறக்கும் ஆசையால். அதே மனிதர் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பஸ் மாத் விமானத்தில் பம்பாய்க்குப் பறந்து வந்தார். அங்கிருந்து தபாலை பெல்லாரி வழியாக மெட்ராஸ் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். நம்ம ஊருக்கு இந்திய விமானத் தபால் வந்த கதை அதுதான். ஐம்பது வருஷம் கழித்து 1982-ல், 78 வயதில், அதே பாதையில் ஒரு பழைய விமானத்தை ஜே.ஆர்.டி. மறுபடி ஓட்டிக் காட்டினார். முதல் தடவை தொழில், இரண்டாவது தடவை ஆசை என்று பிரிக்க முடியுமா என்ன?

பிரிக்க வேண்டிய கட்டாயம் முதலில் வந்தது அமெரிக்காவில். 1930-களின் தொடக்கத்தில் விமானங்கள் வேகமாகிக்கொண்டே போயின. முதலாளிகள் விமானிகளிடமிருந்து இன்னும் அதிக மணி நேரம் வாங்கப் பார்த்தார்கள். 1931-ல் டேவிட் பென்கே தொடங்கிய விமானிகள் சங்கம் எதிர்த்து நின்றது. வழக்கு தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குப் போய், 1934 மே மாதம் 'தீர்மானம் 83' வந்தது. மாதத்துக்கு 85 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. 1938-ல் அது சட்டத்திலேயே ஏறியது. இதில் ஒரு வேடிக்கை. இன்று பல நாடுகளில் வருஷத்துக்கு 1000 மணி நேரம் என்பது வரம்பு. பன்னிரண்டால் வகுத்தால் 83 சொச்சம். தொண்ணூறு வருஷமாக மனித உடம்புக்கான கணக்கு பெரிதாக மாறவில்லை!

அந்த அமெரிக்கக் கணக்கு தொழிலாளர் போராட்டத்தில் பிறந்ததால், கோடும் சம்பளத்தை ஒட்டியே விழுந்தது. ஏர்லைன்ஸ் விமானி வெளியே காசுக்கு ஓட்டினால் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சொந்த ஆசைக்கு ஓட்டினால் வேண்டாம். முதலாளியின் கண்ணில் படாத மணி நேரம் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

பிரிட்டனில் கதை வேறு. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் பி.ஓ.ஏ.சி.யின் கான்ஸ்டலேஷன் விமானம் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி 33 பேர் இறந்தார்கள். கேப்டன் சிட்னியிலிருந்து கிளம்பி இருபத்தொன்றரை மணி நேரமாகப் பணியில் இருந்தவர். களைப்பு உயிரை வாங்கும் என்பதை இந்த மாதிரி விபத்துகள்தான் கற்றுக்கொடுத்தன. பிறகு 1970-களில் விமானிகளின் களைப்பை ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா? டக்ளஸ் பேடர். 1931-ல் தாழப் பறந்து சாகசம் காட்டப்போய் இரண்டு கால்களையும் இழந்து, செயற்கைக் காலோடு இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். வேலைக்கும் ஆசைக்கும் பல வருஷம் சின்ன விமானம் ஓட்டியவர். குழுவின் அறிக்கை 1973-ல் வந்தது. அதை வைத்து 1975-ல் விதிப் புத்தகம் வந்தது. பிரிட்டிஷ் வரம்பு 28 நாளில் 100 மணி நேரம், வருஷத்துக்கு 900.

பிரிட்டிஷ் சட்டம் கோட்டைச் சம்பளத்தில் மட்டும் போடவில்லை. எடையிலும் போட்டது. 1600 கிலோவுக்கு உட்பட்ட விமானத்தைச் சொந்தமாக ஓட்டினால் கணக்கில் வராது. அதைத் தாண்டினால் வரும். செஸ்னா 172 சுமார் 1,100 கிலோ, தப்பித்தது. ஆனால் பேடர் வைத்திருந்த இரட்டை எஞ்சின் டிராவல் ஏர் மாதிரி விமானம் 1,800 கிலோவைத் தாண்டும். அதில் நண்பர்களோடு உல்லாசமாகப் போய் வரும் ஏர்லைன்ஸ் விமானி ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். மாசக் கடைசியில் 97 மணி நேரத்தில் நிற்கிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆசையா திங்கட்கிழமை டூட்டியா என்ற கேள்வி வந்துவிடும்.

அப்படியானால் எல்லாப் பறப்பையும் கணக்கில் சேர்த்துவிட்டால் என்ன? பாதுகாப்புதானே? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், 1983 ஜூலை 23 பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால். அன்று ஏர் கனடாவின் புத்தம் புது போயிங் 767, கிலோவுக்கும் பவுண்டுக்கும் நடந்த குழப்பத்தில் பாதி எரிபொருள்கூட இல்லாமல் கிளம்பிவிட்டது. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் லீவு நாட்களில் கிளைடர் ஓட்டுகிறவர். எஞ்சின் இல்லாத விமானத்தில் காற்றையும் உயரத்தையும் கணக்குப் பண்ணிப் பழகிய கை. கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. ஜெட் விமானத்தில் யாரும் செய்யத் துணியாத வேலையைச் செய்தார். கிளைடர்காரர்கள் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கையைப் பழக்கியது சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆக, ஆசைக்குப் பறக்கும் மணி நேரம் உடம்பிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது, கைக்குக் கொஞ்சம் கொடுக்கிறது. கடிகாரத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே நடந்த விபத்தில் 50 பேர் இறந்த பிறகு, அங்கே விதிகளைத் திருத்தி எழுதினார்கள். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சொந்தப் பறப்பை அதிலும் மணிக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் "நான் தகுதியாக இருக்கிறேன்" என்று விமானி எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். நேற்று நீ எங்கே பறந்தாய் என்று கேட்கவில்லை. இன்று எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் வலி இல்லாமல் விதி வரவில்லை. 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி கேப்டன் தூங்கியிருந்தது விசாரணையில் தெரிந்தது. அதற்கடுத்த வருஷம் புது விதிகள் வந்தன. சமீபத்திய திருத்தத்தில் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. அதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலானதும், டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தான கூத்து நமக்கெல்லாம் நினைவிருக்கும். அப்போது பலர் விமானிகளைத் திட்டினார்கள். அந்த 48 மணி நேரம் அவர்களுக்காக மட்டும் அல்ல, தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் நமக்காகவும்தான்.

சட்டத்தால் ஓய்வு நேரத்தைக் கொடுக்க முடியும். அந்த நேரத்தில் ஒருவர் தூங்கினாரா, பறந்தாரா, பறந்தது அவருக்குத் தெம்பு தந்ததா, அசதி தந்ததா என்பதைச் சட்டத்தால் பார்க்க முடியாது. சம்பளத்தை வைத்துக் கோடு போட்டார்கள், எடையை வைத்துப் போட்டார்கள், கடைசியில் விமானியின் நேர்மையிடமே வந்து நிற்கிறார்கள். அந்த நேர்மை பலிக்க வேண்டுமானால், "இன்றைக்கு என்னால் முடியாது" என்று சொல்கிற விமானியைக் கம்பெனியும் தண்டிக்கக் கூடாது, தாமதத்துக்காகக் கத்துகிற நாமும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் விமானி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கடைசியாக எப்போது ஆசைக்காகப் பறந்தீர்கள் என்று. பதிலை எனக்கும் எழுதுங்கள் :-)