ஆறுதலா ஒரு பேரு: மலக்குடல் கட்டியின் நூறு வருஷக் கதை

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மன்னார்குடின்னு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சுவரில் ஒரு விளம்பரம் கண்ணில் படும். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். நான் டெல்டாவில் வளர்ந்தவன். மலத்தில் ரத்தம் வந்தா எங்க பக்கம் அதுக்குப் பேரு 'சூடு'. மோர் குடி, இளநீர் குடி, சரியாப் போயிடும்பாங்க. பெரும்பாலும் சரியாகவும் போயிடும். ஆனா ஒரு நோய்க்கு ஆறுதலா ஒரு பேரு கிடைச்சதும், அது என்னன்னு தேடுறதை நிறுத்திடுறோம். இன்னைக்கு நாம பேசப்போற நோயோட வரலாறு அப்படி ஒரு பேரில்தான் ஆரம்பிக்குது.

வருஷம் 1907. ஜெர்மனியின் ம்யூனிக்கில் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டோர்ஃபர் என்ற நோய்க்குறியியல் நிபுணர், குடலில் சில சின்னக் கட்டிகளைப் பார்க்கிறார். மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் மாதிரி தெரியுது, ஆனா பரவுற மாதிரி தெரியலை. அதனால் 'கார்சினாய்டு'ன்னு பேரு வெச்சார். புற்றுநோய் போன்றது, ஆனா புற்றுநோய் இல்லைங்கற அர்த்தத்தில். 1929-ல் அவரே திரும்பி வந்து, இது பரவவும் செய்யும்னு எழுதினார். யூதர் என்பதால் 1933-ல் நாஜி ஆட்சியில் வேலை பறிபோய், இஸ்தான்புல்லில் குடியேறி, 1944-ல் அங்கேயே இறந்தார். அவர் திருத்திக்கிட்டார். பேரு மட்டும் திருந்தலை. சாதுவான கட்டி என்ற நினைப்பு பல பத்தாண்டுகள் ஒட்டிக்கிட்டே இருந்தது.

இன்னைக்கு இதை நியூரோஎண்டோகிரைன் கட்டின்னு சொல்றோம். 2018-ல் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு இந்த வகை நோய் இருக்குன்னு சொன்னப்பதான் நம்மில் பல பேர் இந்த வார்த்தையையே கேள்விப்பட்டோம். குடல் சுவரில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். அதிலிருந்து முளைக்கிற கட்டி இது. வழக்கமா நாம குடல் புற்றுநோய்னு சொல்ற அடினோகார்சினோமா வேற, இது வேற.

அதே 1907-ல் நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு கதை ஆரம்பிக்குது. தஞ்சாவூருக்குத் தெற்கே, புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்கிறார். முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் டாக்டராக வெளியே வருகிறார். அடுத்த பத்து வருஷம் கொஞ்சம் கடந்ததும் தங்கை சுந்தராம்பாளை மலக்குடல் புற்றுநோய் கொண்டுபோகிறது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் காப்பாத்த முடியலை. 1925-ல் மேற்படிப்புக்கு லண்டன் போன முத்துலட்சுமி, புற்றுநோய்க்குன்னே தனியா ஓர் ஆஸ்பத்திரி அங்கே நடப்பதைப் பார்த்தார். நம்ம ஊரிலும் அப்படி ஒண்ணு வேணும்னு முடிவு செஞ்சார். 1952-ல் அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோட கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறந்தது. தங்கை இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிசா வளர்த்தாங்க.

இப்ப சிகிச்சைக்கு வருவோம். மலக்குடல் நியூரோஎண்டோகிரைன் கட்டி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மூலமா இருக்குமோன்னு கொலோனோஸ்கோப்பி செய்யும்போது தற்செயலா மாட்டும். 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தா, அதாவது கிட்டத்தட்ட ஒரு கொண்டைக்கடலை அளவு, பரவியிருப்பது ரொம்ப அரிது. வயித்தைக் கிழிக்காம எண்டோஸ்கோப்பிலேயே எடுத்துடலாம். முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சது. 20 மில்லிமீட்டரைத் தாண்டினா கதை வேற. நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம், பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும். ரெண்டுக்கும் நடுவில் இருந்தா கட்டியின் ஆழம், வேகம் ரெண்டையும் பார்த்து முடிவெடுப்பாங்க.

பெருங்குடலில் வந்தா நிலைமை கடினம். அங்கே இடம் அதிகம், கட்டி சத்தமில்லாம வளரும். கண்டுபிடிக்கும்போது பல நேரம் பெரிசாகியிருக்கும். குடலின் அந்தப் பகுதியையே நிணநீர் முடிச்சுகளோட சேர்த்து எடுக்கணும்.

வேகத்தை அளக்க 'கி-67'ன்னு ஒரு சோதனை இருக்கு. நூறு கட்டிச் செல்களில் எத்தனை பெருகும் நிலையில் இருக்குன்னு எண்ணுவாங்க. 3-க்குக் கீழே முதல் கிரேடு. 3 முதல் 20 வரை ரெண்டாவது. அதுக்கு மேலே மூணாவது. செல்லின் அமைப்பே சிதைஞ்சுபோன கார்சினோமா வகை தனி. அது வேகமானது, கீமோதெரபி வேணும், அதிலும் காலம் குறைவாகவே கிடைக்கும்.

மெதுவான வகை கல்லீரல் வரை பரவிட்டா கூட இப்ப வழி இருக்கு. 1973-ல் கண்டுபிடிக்கப்பட்ட சொமட்டோஸ்டாட்டின் ஹார்மோனைப் பின்பற்றி உருவாக்கின ஊசியை மாசம் ஒரு தடவை போட்டு கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துறாங்க. அதே மாதிரி மூலக்கூறில் லூட்டீஷியம்-177 என்ற கதிரியக்கப் பொருளை இணைச்சு ரத்தத்தில் செலுத்துறாங்க. அது கட்டிச் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கும். அந்த லூட்டீஷியம் மும்பை டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் தயாராகுது.

இவ்வளவு இருந்தும், மலக்குடலைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் எப்ப பார்த்தோம் என்பதில்தான் இருக்கு. 8 மில்லிமீட்டரில் பார்த்தா ஒரு காலை வேளை. ரெண்டு சென்டிமீட்டரில் பார்த்தா பல வருஷம். சுந்தராம்பாளின் காலத்தில் உள்ளே எட்டிப் பார்க்க இப்ப இருக்கிற மாதிரி கேமரா கிடையாது. இன்னைக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலேயே கொலோனோஸ்கோப்பி செய்றாங்க. நமக்குத் தடையா இருப்பது கூச்சம்தான்.

அதனால் வீட்டில் யாருக்காவது ரத்தம் தொடர்ந்து போனா, மலம் கழிக்கும் பழக்கம் மாறினா, 'சூடு'ன்னு விட்டுடாதீங்க. டாக்டர் விரலால் தொட்டுப் பார்க்கணும்னு சொன்னா சம்மதிங்க. கட்டின்னு ரிப்போர்ட் வந்தா மூணு கேள்வி கேளுங்க: அளவு எவ்வளவு, எவ்வளவு ஆழம், எந்த கிரேடு. இந்த எபிசோடை உங்க அப்பா அம்மாவுக்கு அனுப்புங்க. கேட்கக் கூச்சப்படுவாங்க, பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.